பத்தை எட்டால் வகுக்கவில்லை

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்றைக்கு மீட்டிங்கில் எனக்குத்தான் மரியாதை. அதை எழுதி வைக்காமல் எப்படித் தூங்குவது?

எங்கள் ஸ்கேன் சென்டரில் பழைய சி.டி. மிஷினை எடுத்துவிட்டுப் புதியது போடப் போகிறார்கள் என்று ஆறு மாதமாகப் பேச்சு. ஒருவழியாகத் தேதி குறித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் மிஷின் கம்பெனிக்காரர்கள் வந்து பழையதைக் கழற்றிக்கொண்டு போவார்கள். சுவரை இடித்து, கிரேன் வைத்து, புதியதை இறக்குவார்கள். பழைய மிஷினோடு ஒட்டிக்கொண்டு ஒரு டிஸ்க் பெட்டி இருக்கிறது. கடைசி நாலு வருஷத்துப் படங்கள் ஏற்கெனவே சர்வரில் பத்திரமாக இருக்கின்றன. அதற்கு முன்னால், சென்டர் தொடங்கிய 2005-லிருந்து எடுத்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அதைச் சர்வருக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டர் ராமலட்சுமி கேட்டார். அவர்தான் இங்கே தலைமை. படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர். கம்ப்யூட்டரும் சர்வரும் என் பொறுப்பு.

மிஷின் பராமரிப்பு எஞ்சினியர் சுடலைமணி அண்ணன் போனை எடுத்துக் கால்குலேட்டரைத் தேடினார். அவர் தேடி முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ஒரு ராத்திரி போதும் மேடம்."

"எப்படி அவ்வளவு சீக்கிரம் சொல்றீங்க?"

"டிஸ்க் பெட்டி ஸ்கஸி ரகம். வினாடிக்கு இருபது தள்ளும். மிஷின்ல இருக்கிற நெட்வொர்க் கார்டு அரதப்பழசு, பத்துதான். ரெண்டுல எது ஒல்லியோ அதுதானே கணக்கு? வினாடிக்குப் பத்து மெகாபைட். முந்நூறு ஜிபிக்கு எட்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் போட்டுவிட்டுப் போனா, சனிக்கிழமை நாம இட்லி சாப்பிடறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"ஹெப்சிபா இருக்கும்போது நமக்கு எதுக்குக் கால்குலேட்டர்?" என்று டாக்டர் சிரித்தார். சுடலைமணி அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சர்வர் அறைச் சுவரில் நான் கைப்பட எழுதி ஒட்டிய அட்டவணை இருக்கிறது. ஸ்கஸி, ஐ.டி.ஈ., சாட்டா, நெட்வொர்க் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் வேகக் கணக்கு. எதை எதால் வகுத்தால் எது வரும் என்று. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்திப் பாடம் எடுப்பேன். நெட்வொர்க்கை எட்டால் வகுக்கிறோம், சாட்டாவை மட்டும் ஏன் பத்தால் வகுக்கணும் என்று கேட்டு முழிக்க வைப்பேன். எட்டு பிட்டுக்குத் துணையாக இரண்டு பிட் கூடப் போகிறது, வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்பாமல் தங்கச்சிகள் இரண்டு பேரைக் கூட அனுப்புவதுபோல, என்று விடையும் நானே சொல்வேன்.

வீட்டுக்கு வந்து என் கணவர் தங்கதுரையிடம் பெருமையாகச் சொன்னேன். பி.டி. வாத்தியாருக்கு இதெல்லாம் எங்கே ஏறும்? "அப்ப சனிக்கிழமை நீ சீக்கிரம் வந்திருவியா? சாளை மீன் வாங்கட்டுமா?" என்கிறார். லெந்து உபவாச நாளில் மீன் கேட்கிற சபை உபதேசியார் மகன் பாளையங்கோட்டையிலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

மார்ச் 2, வெள்ளி

சாயந்தரம் காப்பியைப் போட்டுவிட்டேன். அந்தப் பழைய திரையில் வேகமெல்லாம் காட்டாது. போகிற படத்தின் எண் மட்டும் ஓடும். எண் ஓடுவது கொஞ்சம் நிதானமாகத்தான் பட்டது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். சர்ச் பாடகர் குழுவுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

கேஸ் தீர்ந்துவிட்டது. நாளைக்குப் பதிவு பண்ண வேண்டும்.

மார்ச் 3, சனி

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இடித்த சுவரின் தூசி தலையெல்லாம். இரண்டு தரம் தலைக்கு ஊற்றியும் போகவில்லை.

முடிந்தது என்றால், பழைய மிஷின் போய்விட்டது. புதியது இறங்கிவிட்டது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் மூடி வைத்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலையில் போய்த் திரையைப் பார்த்தேன். ஆறில் ஒரு பங்குகூட வந்திருக்கவில்லை. எங்கேயோ நின்றுவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. டிஸ்க்காரன் வேகத்தை பைட்டில் சொல்வான், நெட்வொர்க்காரன் பிட்டில் சொல்வான். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அந்தக் கார்டின் பத்து என்பது பத்து மெகாபிட். எட்டால் வகுத்தால் ஒன்றே காலுக்குமேல் தேறாது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான், இருபதையும் பத்தையும் பக்கத்தில் வைத்ததும் இரண்டையும் ஒரே படியால் அளந்துவிட்டேன். அண்ணன் கால்குலேட்டரை எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. இன்னும் மூன்று நாளாவது ஓட வேண்டியது.

கீழே கிரேன் வந்து நிற்கிறது. பாதிச் சுவர் இடித்தாயிற்று. டாக்டர் புதுப் புடவையில் வந்து, "என்ன ஹெப்சிபா, முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது மேடம்."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

நோயாளிகளின் படம் வெளியே போய்விடக் கூடாது என்பதால் டிஸ்க்குகளை இங்கேயே துளைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டுமாம். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு ஆள், கையில் டிரில்லிங் மிஷினோடு. டிஸ்க்குகளை வரிசையாகத் தரையில் அடுக்கி வைத்துவிட்டு, "மேடம், ஓட்டை போட்டுடலாமா?" என்றார். நான் தரையில் இருந்த டிஸ்க்குகளை எண்ணினேன். "இல்ல, எல்லாம் எடுத்துட்டீங்களான்னு கேக்குறேன். அப்புறம் திரும்ப வராது" என்று இன்னொரு தரம் கேட்டார். தலையை ஆட்டினேன். ஒவ்வொன்றாகத் துளை போட்டார். முடிகிறவரை அங்கேயே நின்றேன்.

'பெட்டியை மட்டும் மூணு நாள் வச்சுட்டுப் போங்க.' இந்த ஒரு வாக்கியம் போதும். யாரும் என் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். டாக்டர் ஒரு தரம் முறைத்திருப்பார், சுடலைமணி அண்ணன் மீசைக்குள் சிரித்திருப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.

மார்ச் 4, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிக் கோயிலுக்குப் போகவில்லை. திருவிருந்து ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்குகிற நாள்.

மார்ச் 6, செவ்வாய்

யானைக்கும் அடி சறுக்கும். பத்து வருஷத்துப் பழைய படத்தை யார் வந்து கேட்கப் போகிறார்கள்? இத்தனை வருஷத்தில் மொத்தமே நாலைந்து பேர் கேட்டிருப்பார்கள். அதுவும் பாதி, வந்த படத்தைத் தொலைத்துவிட்டுச் சும்மா கேட்கிறவர்கள். இதற்குப் போய் மண்டையை உடைத்துக்கொள்வானேன்?

அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன். "ஏன் மேடம், நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் சுடலைமணி அண்ணன். பழசாகிவிட்டது, புதிதாக எழுத வேண்டும் என்றேன்.

மார்ச் 13, செவ்வாய்

டாக்டர் கூப்பிட்டார் என்று அவர் அறைக்குப் போனேன். உள்ளே ஒரு ஆள். ஐம்பத்தைந்து வயசிருக்கும், சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. உட்கார்ந்துதான் பேசினார், ஆனால் அவர் குரல் வராந்தாவரைக்கும் கேட்டது. சங்கரபாண்டியன் என்று பெயர். வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவுகிறவர்.

"முப்பது வருசமாக் கூவுதேன் மேடம். தொண்டைதான் நமக்கு முதல். மைக் வச்சுத் தாரேன்னாக. மைக் எனக்கு எதுக்குன்னுட்டேன்" என்று என்னிடமும் சொன்னார்.

இருமல் என்று வந்தவருக்கு நேற்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். வலது நுரையீரலில் அரைநெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க எட்டாத இடம்.

டாக்டர் எனக்கும் அவருக்குமாகச் சேர்த்து விளக்கினார். "2009-ல லாரி மோதினப்போ இவருக்கு இங்கேதான் நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கோம். அந்தப் படத்துல இதே கட்டி இதே அளவுல இருந்துச்சுன்னா இது ஒண்ணுமே இல்லை. பழைய தழும்பு மாதிரி. தொடவே வேண்டாம். அப்ப இல்லாம இப்ப வந்திருந்தா, மதுரைக்குப் போய் நுரையீரல்ல அந்தப் பாகத்தையே வெட்டி எடுத்துத்தான் பாக்கணும்."

"வெட்டுனா ஏலம் கூவ முடியுமா டாக்டர்?" என்றார் அவர்.

"பேசலாம். மூச்சு முன்னமாதிரி இருக்காது" என்றார் டாக்டர். பிறகு, "அப்ப பிலிம் கொடுத்திருப்போமே, வீட்டுல இருக்கா?" என்று கேட்டார்.

"லாரிக்காரன் கேஸுக்குன்னு கொண்டு அலைஞ்சோம். எங்க கிடக்கோ. வீட்டுல தேடச் சொல்லுதேன்."

"தேட வேண்டாம் அண்ணாச்சி" என்றேன் நான். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. நான் எடுத்துத் தாரேன்."

அவர் எழுந்து என்னைக் கும்பிட்டார்.

2009 வந்திருக்கலாம். வரிசை மாறிச் சிலது முன்னாலேயே வந்திருக்கும். பழைய பெட்டிகளை அப்படி நம்ப முடியாது. நாளைக்கு முதல் வேலையாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, புதன்

2006 நவம்பரோடு நிற்கிறது.

மார்ச் 17, சனி

சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்தார். ஏலம் முடிந்து நேரே வந்திருக்கிறார், சட்டையில் வாழைக்கறை. படங்களைச் சர்வர் இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கிறது, இரண்டு நாள் ஆகும் என்றேன். எங்கிருந்துதான் இந்த வார்த்தைகள் வருகின்றனவோ தெரியவில்லை.

"அவசரம் இல்ல தாயி, நிதானமாத் தேடுங்க. மதுரையில தேதி தாரேன்னாங்க. பொறுங்க, எங்க ஊர்ல ஒரு மேடம் தேடிக்கிட்டு இருக்காகன்னு சொல்லியிருக்கேன்."

தண்ணீர் வேணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். போகும்போது வாசலில் செக்யூரிட்டியிடமும் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த எழவெடுத்த மோட்டார் மறுபடியும் தண்ணீர் இழுக்கவில்லை. தங்கதுரை ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். நான் ஒரு உதவியும் செய்யாமல் சும்மா நின்றேன். "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? ஸ்கூல் பிரேயருக்கு லேட்டா வந்து என்கிட்ட மாட்டின பையன் மாதிரி இருக்க" என்றார். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 20, செவ்வாய்

டாக்டர் இன்றைக்கு விடவில்லை. "இருக்கா, இல்லையா? ஒரு வாரமாச்சு ஹெப்சிபா."

டிஸ்க்கில் பழுது இருந்திருக்கிறது, அந்த வருஷத்துப் படங்கள் கெட்டுப்போய் வந்திருக்கின்றன என்று சொன்னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்து என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். ஆனால் டிஸ்க்கில் பழுது என்றால் அடுத்த கேள்வி யாரைப் போய்ச் சேரும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றுதான் எழுதுகிறேன். டாக்டர் சுடலைமணி அண்ணனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தாமலே திட்டினார். பராமரிப்பு என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டீங்களே, என்ன பார்த்தீங்க, ஒரு மனுஷன் உயிர் விஷயம் என்று. எனக்கு இங்கே எல்லாம் கேட்டது.

பிறகு அவரே என்னிடம் வந்தார்.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு மேடம். போன மழைக்கு அந்த ரூம் சுவத்துல ஈரம் இறங்குச்சு. பெட்டியத் தள்ளி வைக்கணும்னு நெனச்சேன், வைக்கல. அதான் கெட்டிருக்கும். உங்களுக்குத்தான் வீண் அலைச்சல், என்னால."

எனக்குத் தெரிந்து அந்த டிஸ்க்குகளில் ஒரு புள்ளி பழுது கிடையாது. நான் இல்லாத ஒரு பழுதைச் சொன்னேன், அவர் அதற்குக் காரணமும் கண்டுபிடித்துத் தந்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. "பரவாயில்லண்ணே" என்றேன்.

மார்ச் 22, வியாழன்

செவ்வாய்க்கிழமை மதுரையில் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. பிலிமுக்காக வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார்களாம், இல்லையாம். இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டாராம்.

மார்ச் 24, சனி

விடியும் முன்னே எழுந்து வாழைத்தார் மண்டிக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கம்ப்யூட்டரில் படம் எப்போதுமே இல்லை, டிஸ்க்கில் பழுது என்பது பொய் என்று சொல்லிவிட வேண்டும். வண்டியில் போகும்போது வாய்விட்டு இரண்டு தரம் சொல்லியும் பார்த்தேன்.

அவர் ஒரு மரப்பெட்டி மேல் நின்று கூவிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் ஏத்தன், கோழிக்கூடு, செவ்வாழைத் தார்கள். லாரிகள் ஹாரன் அடிக்கின்றன, சுமைக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் ஏசுகிறார்கள், அத்தனைக்கும் மேலே அவர் குரல். இருநூறில் ஆரம்பித்து, பத்துப் பத்தாக ஏறி, கேட்கிற ஆட்களின் பெயரையும் நடுவில் சேர்த்து, கேலியும் பண்ணி, முந்நூற்று எண்பதில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடிக்கிறவரை ஒரே மூச்சு. நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என்னால் பாதிகூட முடியவில்லை.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்துவிட்டார். "ஏல, இங்க வாங்கல. இவுகதான் அந்த மேடம். நமக்காக ஒரு வாரம் ராப்பகலாத் தேடியிருக்காக" என்று கூட இருந்தவர்களிடம் சொன்னார். அவர்களும் கும்பிட்டார்கள். ஒருத்தர் காப்பி வாங்கிவர ஓடினார்.

"இங்க எதுக்கு இவ்வளவு காலையில?" என்றார்.

"பழம் வாங்கலாம்னு" என்றேன்.

ஆபரேஷனுக்கு முந்தி மனசைக் கலைக்கக் கூடாதல்லவா? அதனால்தான் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பழம் வாங்க மறந்துவிட்டது.

மார்ச் 27, செவ்வாய்

இன்று ஆபரேஷன். மாவு ஆட்டினேன், இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ணுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் தங்கதுரை கேட்டார். "ஹெப்சி, ஆபீஸ்ல ஏதும் கணக்குத் தப்பாப் போச்சா?"

"ஏன் கேக்கீங்க?"

"கணக்கு சரியா வந்த அன்னைக்கு நீ இந்தத் தெருவுல எல்லாருக்கும் சொல்லாம வீட்டுக்குள்ள வரமாட்ட. இப்ப ஒரு மாசமா வாயே தொறக்கல."

ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. இருந்தாலும் மறுபடி கேட்கவில்லை.

ஏப்ரல் 6, வெள்ளி

மதுரையிலிருந்து ரிசல்ட் வந்துவிட்டது. கட்டியில் ஒன்றும் இல்லை, புற்று இல்லை. டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். ரிசப்ஷனில் லட்டு வாங்கி வந்து கொடுத்தார்கள். சுடலைமணி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் இல்லாத கட்டிக்காகத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அது பழைய கட்டிதானா என்பது யாருக்கும் தெரியாதே. அந்தப் படத்தில் அது இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் எப்படியும் வெட்டித்தான் ஆகியிருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்குத் தூங்கப் போகிறேன்.

ஏப்ரல் 19, வியாழன்

சுடலைமணி அண்ணனுக்கு இந்த வருஷம் சம்பள உயர்வு இல்லை என்று ரிசப்ஷனில் பேசிக்கொண்டார்கள். அவர் மகளுக்கு இந்த வருஷம் காலேஜ். எனக்கு உயர்வு உண்டு.

மே 8, செவ்வாய்

சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்தார்.

அவர் பேசியபோது யாரோ என்று நினைத்தேன். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். சாக்குப்பையில் நாலு சீப்பு செவ்வாழை. டாக்டர் அறையும் என் அறையும் மாடியில். பையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறி வந்து என் மேசைமேல் வைத்தார்.

"கனம் தூக்கப்படாதுன்னு சொல்லியிருக்காக. ஆனா உங்களுக்கு... என் கையாலதான் கொண்டாந்து தரணும்னு..."

மண்டியில் இப்போது அவருக்கு எடைச்சீட்டு எழுதுகிற வேலையாம். ஏலத்துக்கு வேறு ஒரு ஆள், மைக் வைத்து. "அவன் கூவுதத உக்காந்து கேக்க... என்னால முடியல யம்மா. கேட்டுக்கு வெளிய போயி நின்னுக்கிடுவேன்" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் கவரை எடுத்தார். "இந்தா பாருங்க. நீங்க தேடுன படம் கிடைச்சிருச்சு." லாரி கேஸ் நடத்திய வக்கீல் இறந்துபோய், அவர் மகன் ஆபீஸை ஒதுக்கும்போது கட்டுக்குள் இருந்ததாம். போன வாரம் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

டாக்டரிடம் போனோம். சுடலைமணி அண்ணன் ஏதோ பேச வந்தவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். டாக்டர் பிலிமை விளக்குப்பெட்டியில் மாட்டினார். பக்கத்தில் மார்ச் மாதத்துப் படத்தை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் வலப்பக்கத்தில் அந்த வெள்ளைப் புள்ளி இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தது எனக்கே தெரிந்தது.

"இதேதான்" என்றார் டாக்டர். "ஒன்பது வருஷமா அப்படியே இருந்திருக்கு."

"அப்போ வெட்டியிருக்க வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"யாரச் சொல்ல?" என்றார். "மொதல்லயே வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தா... அன்னைக்கே கிடைச்சிருக்கும். கம்ப்யூட்டர்ல இருக்குன்னதும் விட்டுட்டோம். அப்புறம் தேடும்போது வக்கீல் நெனப்பே வரல. நம்ம நேரம்." என் பக்கம் திரும்பி, "நீங்க பாவம், எவ்வளவு தேடுனீய" என்றார்.

"என் தப்புத்தான் அண்ணாச்சி" என்றார் சுடலைமணி அண்ணன். "டிஸ்க்கு ஈரத்துல கெட்டுப்போச்சு. நான்தான் கவனிக்கல. மன்னிச்சுக்கிடுங்க." சொல்லிவிட்டுக் குனிந்து அவர் காலைத் தொடப் போனார்.

"டிஸ்க் கெடல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு. நான் கணக்கைத் தப்பாப் போட்டேன். மூணு நாளைக்குமேல ஆகவேண்டியத ஒரு ராத்திரின்னு சொல்லிட்டேன். காலையில பாத்தா முடியல. முடிஞ்சுதுன்னு பொய் சொல்லி டிஸ்க்கை ஓட்டை போட விட்டுட்டேன்."

"ஹெப்சிபா, அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டர்.

நான் நிறுத்தவில்லை. பிட், பைட், பத்தை எட்டால் வகுக்காதது, எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். வேகவேகமாக விளக்கினேன். கணக்கு எங்கே பிசகியது என்று புரிய வைத்துவிட்டால் ஏதோ சரியாகிவிடும் என்பதுபோல. அண்ணாச்சி கையை உயர்த்தினார்.

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம் யம்மா. தப்பு எல்லாருக்கும் வரும்." மூச்சு வாங்கினார். "படம் இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மொத நாள் வந்தப்பவே தெரியும்."

"தேட வேண்டாம்னு சொன்னீயளே, அப்பவா?"

"அப்பவே."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு பற்றாமல் இருமல் வந்துவிட்டது. சுடலைமணி அண்ணன் தண்ணீர் கொடுத்தார், குடித்தார். அவர் ஏச வேண்டும் என்று நான் நின்றேன். மண்டியையே அதிர வைத்த வாய், என்னை நாலு வார்த்தை ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் எழுந்து பிலிமைக் கழற்றிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். என் அறைக்குள் போனார். மேசைமேல் இருந்த சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் செக்யூரிட்டி பையை வாங்கிக்கொள்ளப் போனார். கொடுக்கவில்லை.

டாக்டர் இன்னும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு ஓனர் வருகிறாராம். சுடலைமணி அண்ணன் சாயந்தரம்வரை என் பக்கம் திரும்பவில்லை. வேலை இருக்குமோ போகுமோ தெரியாது. தங்கதுரையிடம் இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

கொடுத்த பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிற மனுஷரை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. அவர் படி இறங்கி முடிக்கிறவரை மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் இரண்டு இடத்தில் பையைப் படியில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். ஓடிப்போய்த் தூக்கிக் கொடுக்க எனக்கு முகம் இல்லை.